பாலம் எந்தச் சுவரில்

"நாப்பத்தொண்ணு" என்று கிளார்க் மூக்கால் கூப்பிட்டார். ஃபுளோராவின் நாக்கு அவளிடம் அனுமதி கேட்காமல் உதட்டுக்குள்ளேயே அதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டது, ஜலதோஷம் பிடித்த மூக்கு, காலையிலிருந்து மூன்று டீ, மேசைக்கு அடியில் ஷூவைக் கழற்றி வைத்திருக்கிற ஆளின் குரல், சுலபம், ரொம்பச் சுலபம், இதை ஏழு வயதிலேயே செய்திருப்பாள். கையிலிருந்த டோக்கன் வியர்வையில் நனைந்து நாற்பத்தேழில் ஏழு மட்டும் லேசாகக் கலைந்திருந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம், தன் முறை வர இன்னும் பதினெட்டு நிமிஷம், ஆனால் மைக்கைப் பிடித்தவன் எவன் மூன்று நிமிஷத்தில் விட்டான், அரைமணி என்றே வைத்துக்கொள்ளலாம், அரைமணி இந்த வயிறு தாங்குமா, நேற்று இந்த மண்டபத்தில் நடந்த கல்யாணத்தின் மேளம் வீட்டுக்குப் போகாமல் அவள் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மேடையில் தெர்மாகோல் எழுத்துகளைக்கூட இன்னும் கழற்றவில்லை. வினோத் வெட்ஸ் ஷர்மிளாவுக்கு நேர் கீழே, மணப்பெண் உட்கார வேண்டிய இடத்தில், கயிறு கட்டின மூக்குக் கண்ணாடியும் ஃபைல்களுமாக அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த இருபது வருஷத்துக்கு இந்தப் பக்கத்தில் எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ரோடு, எங்கே பஸ் என்று பிளான் போட்டாகிவிட்டதாம், மக்கள் ஏதாவது சொல்ல இருந்தால் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டுமாம், இன்றோடு சரி. இருபது வருஷம். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. முப்பத்தாறு வயதுக் குரல் எப்படி இருக்கும் என்று தொண்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தாள், வலது பக்கம் உட்கார்ந்திருந்த பொற்கொடி அக்கா முழங்கையால் இடித்தாள். பொற்கொடி அக்காதான் காலனி மகளிர் சங்கச் செயலாளர், அவள்தான் விடிந்ததும் வரிசையில் நின்று இந்த டோக்கனை வாங்கினவள். "இங்க பார்டி ரேடியோ, நீ அழுதாலும் சரி, ஆடினாலும் சரி, அந்த மூக்கு அந்த நீல புக்குல எழுதணும். எழுதலன்னா நீ பேசினது பேசினதே இல்ல. புரிஞ்சுதா?" புரிந்தது. இடது பக்கம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சகாயமேரி, நாற்பத்திரண்டு வயது, டவுனில் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் ஐந்து மாடியைப் பெருக்கித் துடைக்கிறவள், இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்த மறு நிமிஷம் தலை சாய்ந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று, அம்மாவின் காதோரம் இவ்வளவு நரை எப்போது வந்தது.

நாற்பத்திரண்டு. ஒரு பெரியவர் எழுந்து போய்த் தன் மனைக்குப் பக்கத்தில் சாக்கடை வரக் கூடாது என்றார், சர்வே நம்பரை மட்டும் நாலு தடவை சொன்னார், சாமி பேர் சொல்கிற மாதிரி. ஃபுளோராவின் கண் சுவர்களுக்குப் போயிற்று. மூன்று சுவர், மூன்று இலாகா, மூன்று மேப். மணப்பெண் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நிலத்துக்காரர்களின் மேப், மாப்பிள்ளை அறைக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர்களின் மேப், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ரோட்டுக்காரர்களின் மேப், ஒவ்வொன்றுக்கும் காவலாக ஒரு என்ஜினீயர், கையில் ஒரு குச்சி. காலையில் வந்ததும் மூன்றையும் போய்ப் பார்த்தாள், மேப் பார்க்கவா போனாள், மூன்று புதுக் குரல் கிடைக்குமே என்று போனாள். ஆனால் பார்த்துவிட்டாள். ரோட்டு மேப்பில் ஏரிவாக்கம் ஸ்டேஷனிலிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு ஜம்மென்று வந்து கால்வாய்க் கரையில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வெள்ளை. வீட்டு மேப்பில் இவர்கள் காலனி இருந்தது, இனிமேல் கட்டப்போகிற நாலாயிரம் வீடு இருந்தது, ஒவ்வொரு பிளாக்குக்கும் நம்பர் இருந்தது, நடுத்தெரு நேராகக் கால்வாய்க் கரை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வெள்ளை. நில மேப்பில் எல்லாமே கலர், இவர்கள் மஞ்சள், ஸ்டேஷன் பக்கம் சிவப்பு, கடையும் ஆபீஸும் வருமாம், நடுவில் நீலமாகக் கால்வாய். ஒரு மேப்பில் காலனி பிஸ்கட் அளவு, இன்னொன்றில் சாப்பாட்டு இலை அளவு, அதனால் சட்டென்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவளுக்கு அந்தக் கால்வாய் தெரியும், அந்தக் கரையின் ஒவ்வொரு வளைவும் தெரியும், ரோடு வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரேதான் தெரு வந்து நிற்கிறது. "பாலம் எங்க சார்?" ரோட்டுக்காரர், தொண்டையில் வெல்லப்பாகு ஒட்டின குரல்: "பாலமா? கால்வாய்க்கு அந்தாண்ட நம்மளுது இல்லம்மா. அது வீட்டுக்காரங்க ஷீட்ல இருக்கும்." வீட்டுக்காரர், பேனாவை டிக்டிக்கென்று அழுத்திக்கொண்டே, எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்கிறவர்: "வீடு வரைக்கும்தான் நாங்க. பாலம்னா ரோட்டுக்காரங்க போட்டிருப்பாங்க, போட்டிருப்பாங்க." கலர்க்காரர், பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி: "கால்வாய் நீலம். நீலத்துக்கு மேல நாங்க வேற கலர் அடிக்கிறதில்ல." மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. ஒவ்வொருவரும் பாலம் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சுவரில்.

இதை நினைக்கிறபோதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து முட்டியது, நாற்பத்துமூன்றைக் கூப்பிட்டாயிற்று, மூன்று குரலையும் வரிசையாகப் போட்டால் இந்த மண்டபமே குலுங்கும், வெல்லம், டிக்டிக், ஒப்பிக்கிற பையன், எந்த வரிசையில், கலர்க்காரரைக் கடைசியில் வைக்க வேண்டும், நீலத்துக்கு மேல வேற கலர் அடிக்கிறதில்ல, அங்கே ஒரு நொடி நிறுத்த வேண்டும். ஸ்கூலில் ஹெச்எம் குரலில் மைக்கில் லீவு விட்டவள், மூன்று கிளாஸ் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டது, அதற்கு இரண்டு நாள் வெளியே நின்றாள், நின்றபடியே வாட்ச்மேன் குரலைக் கற்றுக்கொண்டாள். ஆனால் பாலம் இல்லை என்பதைக் காட்டிவிடலாம், பாலம் வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவது. காலனியிலிருந்து ஏரிவாக்கம் ஸ்டேஷன் ஏழு கிலோமீட்டர் என்று அவர்கள் பிளான் புத்தகத்தில் போட்டிருக்கிறது, பொற்கொடி அக்கா காட்டினாள், மெயின் ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றினால் ஏழுதான், ரெண்டு ஷேர் ஆட்டோ மாற வேண்டும். கால்வாயைத் தாண்டினால் முந்நூறு மீட்டர். முந்நூறு மீட்டர் என்பது எவ்வளவு கிட்டே என்றால், ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் பேசுகிற அம்மணியின் குரல் காலனிக்குள் வந்து அடுப்படியில் உட்காரும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கும். காலனியில் கடிகாரம் பார்க்கிறவர்கள் கிடையாது. ஐந்து ஐம்பது வண்டி என்றால் குழாயடிக்குப் போக வேண்டும், ஆறு பத்து வண்டி என்றால் பெண்கள் கிளம்ப வேண்டும், எட்டு ஐந்து என்றால் பிள்ளைகளுக்குத் தலை வாரி முடித்திருக்க வேண்டும். போக முடியாத ஸ்டேஷனின் நேரத்தில் ஒரு காலனியே எழுந்து குளித்துச் சாப்பிடுகிறது. ஆறு பத்துக்குக் கிளம்புகிற பெண்கள் மட்டும் போக முடியாத இடத்துக்குப் போவார்கள், கால்வாயின் குறுக்கே ஒரு தண்ணீர்ப் பைப் கிடக்கிறது, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாலும் எட்டாத பருமன், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி பின்னால் ஒருத்தியாக அதன் மேல் நடந்து அந்தாண்டைக்குப் போவார்கள். அம்மாவும். ஒன்பது வருஷமாக அம்மாவும்.

அங்கேதான் நினைப்பு முள்ளில் மாட்டின தாவணி மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், இழுக்காமலும் இருக்க முடியாது. நாற்பத்துநான்கு. கூப்பிட்ட ஆள் வரவில்லை. நாற்பத்தைந்து. சீக்கிரம் போகிறதே. அந்தச் செவ்வாய்க்கிழமை. அவளிடம் இருக்கிற குரல்களிலேயே ராணி அந்த ஸ்டேஷன் அம்மணிதான், அதற்குக் குடம் வேண்டும், பிளாஸ்டிக் குடத்தை வாயருகே சாய்த்துப் பிடித்துக்கொண்டு மூக்கும் தொண்டையும் சேர்கிற இடத்திலிருந்து பேசினால் அப்படியே ஒலிபெருக்கி. சி பிளாக்கின் எட்டாவது மாடிக்கு மேலே தண்ணீர் டேங்கின் பின்னால் நின்றாள். மணி ஐந்து ஐம்பத்தைந்து, ராத்திரித் தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஆறு பத்துக்குப் புறப்படும் வண்டி முதலாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான் சொன்னாள். கீழே பத்துப் பன்னிரண்டு கதவு ஒரே நேரத்தில் திறந்தது, பெண்கள் தலையைக்கூட அள்ளி முடியாமல் ஓடினார்கள், மேலேயிருந்து பார்க்க எறும்பு வரிசை மாதிரி இருந்தது, அவள் குடத்துக்குள்ளேயே சிரித்தாள், குடம் அந்தச் சிரிப்பைப் பெரிதாக்கி அவளுக்கே திருப்பிக் கொடுத்தது, வரிசை பைப்பின் மேல் ஏறியது, ஆறாவது எறும்பு இல்லை. ஒரு நொடிதான். பொற்கொடி அக்கா புடவையைப் பிடித்துவிட்டாள். ஆறாவது எறும்பு ஒரு காலைப் பைப்பின் மேலும் ஒரு காலைக் கால்வாய்க்கு மேலும் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஒரு செருப்பு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது, பச்சைப் புடவை, அம்மாவின் பச்சைப் புடவை. முட்டிக்குக் கீழே தோல் சீவிக்கொண்டு போய்விட்டது. பதினொரு நாள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா, எவளாவது வந்து என்ன ஆச்சு சகாயம் என்று கேட்டால் "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்பாள். நான்தான். ஃபுளோரா பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் பற்றுப் போடுவாள். அன்றிலிருந்து அந்தக் குரலை அவள் எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்றால் தூக்கத்தில்கூட வாயை மூடிக்கொண்டு படுக்கிறாள், வந்துவிடுமோ என்று. இப்போது அந்தக் கால் அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்தது, தழும்பு பளபளவென்று, புது ரப்பர் செருப்புக்கு மேலே. அம்மாவின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால் ஊரில் இருக்கிற எல்லாக் குரலையும் செய்கிறவளுக்கு அம்மாவின் குரல் மட்டும் வராது. முயற்சி பண்ணிப் பார்த்திருக்கிறாள். சாப்ட்டியா, கதவைச் சாத்து, படுத்துக்கோ. இதற்கு மேல் அம்மா தன்னிடம் பேசிக் கேட்டதில்லை, இவள் எழுந்திருக்கிறபோது அம்மா வண்டியில் இருப்பாள், இவள் படிக்கிறபோது அம்மா பாதித் தூக்கத்தில் இருப்பாள், மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குரலை எப்படிக் கட்டுவது, பாக்கிச் சொல்லெல்லாம் அந்த ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிற வழியில் எங்கேயோ, "நாப்பத்தாறு" என்றார் கிளார்க், நாற்பத்தாறு எழுந்து போய்த் தான் கட்டப்போகிற கடைக்கு கார் நிறுத்த இடம் வேண்டும் என்று இரண்டே வரி சொல்லிவிட்டு நன்றி என்றார், பாவி, நன்றி சொல்ல இதுதானா நேரம்.

"நாப்பத்தேழு." பொற்கொடி அக்கா அவளை எழுப்பி நிறுத்தித் துப்பட்டாவை இழுத்துச் சரி பண்ணி முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள். மேளம் காதுக்கு வந்துவிட்டது, மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது, அதைக் கீழே இறக்குகிறபோது கீச்சென்றது, கீச்சென்றதையும் அவள் நாக்கு செய்து பார்த்தது. "பேரு?" என்றார் கிளார்க். "ஃபுளோரா. சி பிளாக், நூத்திப் பன்னெண்டு." "சர்வே நம்பர்?" "அது எங்களுக்குக் குடுக்கல சார். பிளாக் நம்பர்தான்." "சர்வே நம்பர் இல்லாம எந்தப் பக்கத்துல எழுதறது?" நீலப் புத்தகத்தின் மேல் பேனாவைப் படுக்க வைத்துவிட்டார். அதிகாரி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேசட்டும். என்னம்மா சொல்லணும்?" என்னம்மா சொல்லணும். பாலம் வேண்டும் என்று மூன்று வாரமாக எழுதி மனப்பாடம் பண்ணின பேச்சு ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது, ஆனால் குரல்கள் போகவில்லை, அவை வரிசையில் நின்றுகொண்டிருந்தன. "மேடம், இவங்க மூணு பேருகிட்டயும் நான் கேட்டது ஒரே கேள்வி. பாலம் எங்க சார்?" பிறகு வெல்லப்பாகு: "கால்வாய்க்கு அந்தாண்ட நம்மளுது இல்லம்மா. அது வீட்டுக்காரங்க ஷீட்ல இருக்கும்." நாக்கை மேலண்ணத்தில் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டே: "ரோட்டுக்காரங்க போட்டிருப்பாங்க, போட்டிருப்பாங்க." மண்டபம் அதற்குள்ளேயே குலுங்க ஆரம்பித்துவிட்டது, கார் நிறுத்த இடம் கேட்டவர் தொடையில் தட்டினார், அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நொடி நிறுத்தி, "நீலத்துக்கு மேல நாங்க வேற கலர் அடிக்கிறதில்ல." கிளார்க்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டார். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. மூன்று சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், குச்சி பிடித்த மூன்று பேரும் அன்றைக்கு முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெல்லப்பாகு முதலில் சமாளித்துக்கொண்டது. "மேடம், பாப்பா நல்லா பண்ணுது. ஆனா காலனிலேர்ந்து அந்த ஸ்டேஷன் ஏழு கிலோமீட்டர். அவ்ளோ தூரம் யாரு போகப் போறாங்க, பாலம் தேவைப்படாது." அதிகாரி அம்மா ஃபைலைப் புரட்டினார். "ஏழுன்னுதான் இருக்கு."

"ரோட்டுல ஏழு மேடம்," என்றாள் ஃபுளோரா. "காதுல முந்நூறு மீட்டர்." "காதுலன்னா?" காதில் என்றால். எப்படிச் சொல்வது, கேட்கும் என்று சொன்னால் கேட்குமா என்பார்கள், கேட்கும் என்றால் எழுத்தில் கொடு என்பார்கள், ஒரே வழிதான் இருந்தது, அது தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு நானா நானா என்று கேட்டுக்கொண்டிருந்தது, வேண்டாம், குடம் இல்லை, குடம் எதற்கு இவ்வளவு பெரிய மண்டபம் இருக்கிறதே, மைக் இருக்கிறதே, வேண்டாம், சிரிப்புச் சத்தத்தில் அம்மா விழித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள், தன் பெண்ணைப் பார்த்து எல்லோரும் சிரித்ததில் பாதிப் பெருமையும் பாதிக் கூச்சமுமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், சொல்லாவிட்டால் அம்மாவுக்கு ஒரு நாளும் தெரியாது, நான்தான் அவசரப்பட்டுட்டேன் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள், சொல்லாவிட்டால் நீலப் புத்தகம் மூடிவிடும், இருபது வருஷம் அந்தப் பைப், தூறல் விட்ட காலையெல்லாம் அந்தப் பைப், ஆறாவது எறும்பு, அவள் மைக்கிலிருந்து அரையடி தள்ளி நின்றாள், மூக்கும் தொண்டையும் சேர்கிற இடத்துக்குப் போனாள், கண்ணை மூடவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஆறு பத்துக்குப் புறப்படும் வண்டி முதலாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது." மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் அந்த அம்மணி பேசினாள். அப்போது ஐந்தாவது வரிசையிலும் ஆறாவது வரிசையிலும் உட்கார்ந்திருந்த காலனிப் பெண்கள், பன்னிரண்டு பேர் இருக்கும், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒரே மாதிரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எடுத்த பிறகுதான் தாங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. "ஏன் எல்லாரும் செருப்பைக் கழட்டுறீங்க?" என்று அதிகாரி அம்மா கேட்டார். பொற்கொடி அக்கா இரண்டு செருப்பையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "பைப்பு வழுக்கும்மா." அம்மா மட்டும் நிமிரவில்லை. பாதி குனிந்த இடத்திலேயே, கை தழும்பின் மேல், அப்படியே நின்றிருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி ஃபுளோராவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பிளாஸ்டிக் குடம், எட்டு மாடிப் படி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்பதை ஃபுளோரா மைக்குக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். "ஒரு நாள் இதை நான் மொட்டை மாடியிலேர்ந்து சொன்னேன் மேடம்," என்றாள், எந்த ராகமும் இல்லாமல் வந்தது அது, "வெளாட்டுக்கு. எங்கம்மா விழுந்துட்டாங்க."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, அல்லது அவளுக்கு வேகமாகத் தெரிந்தது. மூன்று மேப்பையும் கழற்றச் சொன்னார் அதிகாரி அம்மா, ஆணி ஒன்று தெறித்து மணப்பெண் அறைக்குள் போய் விழுந்தது, மூன்றையும் பந்தி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள், வெல்லப்பாகும் டிக்டிக்கும் ஒப்பிக்கிற பையனும் மூன்று தலையாகக் குனிந்தார்கள், பிஸ்கட்டையும் இலையையும் ஸ்கேல் வைத்து அளந்து அளந்து கால்வாய்க் கரையில் ஒரே இடத்தில் வந்து மூன்று விரலும் நின்றது. விரல் நின்ற இடத்தில் மூன்று மேப்பிலும் பாலம் இல்லை. "இல்லை," என்றார் வீட்டுக்காரர், முதல் தடவையாக ஒரே தடவை சொன்னார். "எழுதுங்க," என்றார் அதிகாரி அம்மா. "மேடம், சர்வே நம்பர்..." "கால்வாய்க்கு ஒரு சர்வே நம்பர் இருக்கும்ல. அதைப் போடுங்க." மூக்கு நீலப் புத்தகத்தை இழுத்தது, பேனா ஓடுகிற சத்தம் மைக்கில் கேட்டது, கரகர, கரகர, நாலு வரி, கீழே ஒரு கோடு, அதிகாரி அம்மாவின் கையெழுத்து. காலனிப் பெண்கள் செருப்பைக் கீழே போட்டுக் கை தட்டினார்கள். ஃபுளோரா நாற்காலிக்குத் திரும்பி வருகிற தூரம் ஏழு கிலோமீட்டர் இருந்தது. பொற்கொடி அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள், "அன்னிக்கு மாடிலேர்ந்து பேசினது நீதானாடி, இரு உன்ன வீட்ல வெச்சுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை கிள்ளினாள். இடது பக்கம் திரும்பத்தான் பயமாக இருந்தது. அம்மா முன்னால் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினாள், நிறுத்தாமல், இவ்வளவு நீளமாக அம்மா பேசி அவள் கேட்டதேயில்லை. "எழுதிட்டா பாலம் நாளைக்கே வந்துராது. எத்தினி வருஷம் ஆவுமோ. பாலம் வர்ற வரைக்கும் தெனம் காலைல நீ எந்திரிக்கற. என் கையப் புடிச்சு அந்தப் பைப்பு மேல நீதான் என்னை அந்தாண்ட வுடுற. மழையோ வெயிலோ. ஒரு நாள் தூங்கினே, அப்புறம் இருக்கு." "இன்னா சகாயம், புள்ளைய திட்டுறியா?" என்றாள் பொற்கொடி அக்கா. "வேலை குடுக்கறேன்," என்றாள் அம்மா. முந்தானைக்கு அடியில் அவள் கை வந்து ஃபுளோராவின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தது, கண்ணில் நீர் வருகிற கிள்ளு, வைத்த கை அங்கேயே இருந்தது. "நாப்பத்தெட்டு" என்று கிளார்க் கூப்பிட்டார், நாக்கு அவர் பின்னால் போகவில்லை. அது வேறெங்கோ வேலையாக இருந்தது. மழையோ வெயிலோ. இல்லை, இன்னும் கீழே. பினாயில் நெடியில் தேய்ந்த குரல், ‘ழை’யில் கொஞ்சம் இழுவை, கடைசியில் மூச்சை மிச்சம் பிடிக்கிற குரல். மழையோ வெயிலோ. வந்தது. உதட்டுக்குள் அது அப்படியே வந்து நின்றபோது மேளம் மறுபடி வயிற்றில் இறங்கி அடிக்க ஆரம்பித்தது.

"இன்னா முணுமுணுக்கற?" என்றாள் அம்மா.

ஃபுளோரா அதையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.